105-ம் 205-ம் கூட்டினா 230!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதான் உக்காந்துட்டேன். கொஞ்சம் கரண்ட்டு, கொஞ்சம் கணக்கு, நிறைய சரித்திரம். கணக்குன்னாலே அலர்ஜி உள்ளவங்க நடுவுல ரெண்டு பத்தியத் தாண்டிக் குதிச்சுக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

மொதல்ல கொசுவத்தி சுத்திடுவோம். 2016 மே மாசம். புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடி பக்கம் எங்க ஊரு. அம்மன் கோயில் திருவிழா. நான் அப்ப ட்ரிபிள் ஈ முதல் வருஷம் முடிச்சிட்டு லீவுல வந்திருந்தேன். எங்க ஊர்ல ஒரு ரேடியோ செட் அண்ணன் உண்டு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எதுன்னாலும் மைக் செட்டும் சீரியல் செட்டும் அவருதுதான். பத்தாவதோட படிப்பை விட்டவர். சவுக்குக் கழில ட்யூப் லைட்டைக் கட்டி வரிசையா நட்டுக்கிட்டிருந்தார். நானும் சும்மா இருக்க முடியாம சோக்கை எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

எரிஞ்சுக்கிட்டிருந்த ஒரு லைட்டுல மீட்டரை வெச்சார். ட்யூபோட ரெண்டு முனைக்கு நடுவுல 105 வோல்ட். சோக்குக்கு நடுவுல 205. லைன்ல 230. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீ கரண்ட்டுக்குத்தானே படிக்கிற? நூத்தி அஞ்சும் எரநூத்தி அஞ்சும் முன்னூத்திப் பத்து. வர்றது எரநூத்தி முப்பதுதான். மிச்சம் எம்பது எங்கேர்ந்து வருது? இருவது வருசமா யோசிக்கிறேன்."

நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கு. "அது ஏ.சி.ண்ணே, அப்படித்தான் வரும்." அவரும் "ஓ, சரி சரி"ன்னுட்டு அடுத்த கழிக்குப் போயிட்டார். அந்த "சரி சரி" இருக்கே... கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

இதுல கொடுமை என்னன்னா, அதே கேள்வி அந்த செமஸ்டர் பேப்பர்லயே இருந்துச்சு. ஒரு ரெசிஸ்டன்ஸ், ஒரு காயில், சீரீஸ்ல, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், கரண்ட் என்ன, பவர் ஃபாக்டர் என்ன? சிங்கிள் ஃபேஸ் ஏ.சி. சர்க்யூட்னா எல்லா புத்தகத்துலயும் வர்ற முதல் ப்ராப்ளம். தெராஜா புத்தகத்தைத் தொட்டவங்களுக்குத் தெரியும், அந்த சாப்டர்ல பக்கம் பக்கமா போட்டு வெச்சிருப்பார். எங்க வகுப்புல சொல்லிக் குடுத்தது ஒரே வழி: "ஆர் கூட்டல் ஜே எக்ஸ்னு போடு, போலாருக்கு மாத்து, வகு, ஆங்கிளை எழுது, அடில கோடு போடு." ஜேன்னா என்னன்னு கேட்டா "மைனஸ் ஒண்ணோட ஸ்கொயர் ரூட்". மைனஸ் ஒண்ணுக்கு ஸ்கொயர் ரூட் ஏது, அதுக்கும் ட்யூப் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் கேட்டா போர்ஷன் முடியாது. ப்ளஸ் ஜே போடுற இடத்துல மைனஸ் ஜே போட்டுட்டு வந்தேன். அரியர்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

எங்க ரேடியோ செட் அண்ணன் கேட்ட மாதிரியான கேள்வி, 1880கள்ல பெரிய பெரிய இஞ்சினியருங்களையே உலுக்கிக்கிட்டிருந்துச்சு. டி.சி. வரைக்கும் உலகம் ஒழுங்கா இருந்தது. வோல்டேஜைக் கூட்டினா கூட்டினபடி வரும், ஓம் விதி ஒண்ணே போதும். ஏ.சி. வந்ததும் கணக்கு உதைக்க ஆரம்பிச்சது. லண்டன்ல ஃபெராண்டின்னு ஒரு ஆளு, இருபதுகள்லயே டெப்ட்ஃபோர்ட்ல அந்தக் காலத்துக்கு ராட்சச பவர் ஸ்டேஷன் கட்டினார். அங்கேர்ந்து ஊருக்குள்ள 10,000 வோல்ட் கேபிள். அளந்து பார்த்தா, அனுப்புற இடத்துல இருந்ததை விட போய்ச் சேர்ற இடத்துல வோல்டேஜ் அதிகமா இருக்கு! மேட்டூர்ல தொறந்து விட்ட தண்ணி கல்லணைக்கு வர்றப்ப கூடியிருந்தா எப்படி முழிப்போம், அப்படி முழிச்சிருக்காங்க. இன்னிக்கும் அதுக்கு ஃபெராண்டி எஃபெக்ட்னுதான் பேரு.

விஷயம் இதுதான். சோக்குங்கிறது வெறும் காயில். அதுல வர்ற வோல்டேஜ் கரண்ட்டோட அளவைப் பொறுத்தது இல்ல, கரண்ட் எவ்வளவு வேகமா மாறுதுங்கிறதைப் பொறுத்தது. ஊஞ்சலை நெனச்சுக்கங்க. ஒரு கோடிக்குப் போனதும் ஒரு நொடி நிக்கும், அங்க வேகம் பூஜ்யம். நடுவுல வர்றப்பதான் முழு வேகம். அதே மாதிரி கரண்ட் உச்சத்துல இருக்குறப்ப சோக்கோட வோல்டேஜ் பூஜ்யம். கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டுறப்ப சோக்கு உச்சத்துல நிக்கும். ட்யூப் அப்படி இல்ல (அதை சும்மா ஒரு ரெசிஸ்டன்ஸ்னு வெச்சுக்குவோம், உண்மையில அது கொஞ்சம் கிறுக்குப் பிடிச்ச சாமான்). அது கரண்ட்டோட கூடவே ஏறும், கூடவே எறங்கும். ஆக 105-ம் 205-ம் ஒரே நேரத்துல உச்சத்துக்கு வர்றதே இல்ல. கால் சுற்று தள்ளித் தள்ளி வருது. மீட்டர் காட்டுறது அதது தனித்தனியா எவ்வளவுங்கிறதை மட்டும்தான்.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச முதல் வழி, படம் வரையறது. 1885 வாக்குல ப்ளேக்ஸ்லின்னு ஒரு இங்கிலாந்துக்காரர், கடிகார முள்ளு மாதிரி கோடு போட்டு, ஸ்கேலை வெச்சு அளந்து விடை எடுக்குற முறையை எழுதினார். கிழக்கால 105, அங்கேர்ந்து வடக்கால 205 நடந்தா, கிளம்புன இடத்துலேர்ந்து நேர்கோட்டுல எவ்வளவு தூரம்? 105 ஸ்கொயர் 11,025. 205 ஸ்கொயர் 42,025. கூட்டினா 53,050. அதுக்கு ஸ்கொயர் ரூட் போடுங்க: 230. எட்டாங்கிளாஸ் பித்தாகரஸ்! அண்ணன் இருவது வருஷம் யோசிச்சதுக்கு பதில் இவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரியாமதான் ஒருத்தன் "ஏ.சி.ண்ணே"ன்னு வழிஞ்சிருக்கான்.

ஒரு ட்யூபுக்கு ஒரு முக்கோணம் சரி. ஊருக்கே கம்பி இழுத்தா? ஒரு லைன், அதுல பத்து கிளை, ஒவ்வொரு கிளைலயும் மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர்... எத்தனை முக்கோணம் வரையறது? அதை விட்டா சைன், காஸ் போட்டு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். ஒரு கணக்குக்கு நாலு பக்கம் ஓடும். கணக்கு போட முடியலைன்னா மெஷினை டிசைன் பண்ண முடியாது. செஞ்சு பார்த்து, எரிஞ்சா மாத்த வேண்டியதுதான்.

இங்கதான் நம்ம ஹீரோக்கள் வர்றாங்க. மூணு பேரு.

முதல் ஆளு ஆலிவர் ஹெவிசைட். 16 வயசோட பள்ளிக்கூடத்தை விட்டவர், தந்தி ஆபரேட்டர், காது மந்தம். 1886ல "இம்பீடன்ஸ்"ங்கிற வார்த்தையை உருவாக்கினவர் இவர்தான்.

ரெண்டாவது ஆளைப் பத்தித் தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆர்தர் கென்னலி. பொறந்தது எங்க? நம்ம பம்பாய் கொலாபா, 1861 டிசம்பர் 17! அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். பையன் சின்ன வயசுலயே இங்கிலாந்து போயிட்டான். 14 வயசுல படிப்பை நிறுத்திட்டுத் தந்தி ஆபீஸ் வேலை. அப்புறம் அமெரிக்கா போய் எடிசன்கிட்ட உதவியாளர். ஏ.சி.யை ஒழிச்சே தீருவேன்னு நின்ன அதே எடிசன்தான்! அங்கேயே இருந்துக்கிட்டு 1893 ஏப்ரல்ல "இம்பீடன்ஸ்"ங்கிற பேர்லயே ஒரு கட்டுரை வாசிச்சார். இம்பீடன்ஸை ரெண்டு பாகம் உள்ள ஒரு எண்ணா, அதாவது காம்ப்ளெக்ஸ் நம்பரா எழுதிட்டா, ஏ.சி.க்கும் பழைய ஓம் விதியே செல்லும்னு காட்டினார். நாலு வருஷம் பரிட்சைக்குப் படிச்சேன், இந்த சப்ஜெக்டுக்கு அஸ்திவாரம் போட்டவங்கள்ல ஒருத்தர் இந்தியாவுல பொறந்தவர்னு ஒரு வாத்தியாரும் சொல்லலையே சாமி!

மூணாவது ஆளு சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். 1865ல அன்னைக்கு ஜெர்மனில இருந்த ப்ரெஸ்லாவ்ல பொறந்தவர். பிறவியிலேயே முதுகு கூன், உயரம் நாலடி சொச்சம். கணக்குல டாக்டர் பட்டம் வாங்குற நேரத்துல, சோஷலிஸ்ட் பத்திரிகை நடத்தினதுக்காக பிஸ்மார்க்கோட போலீஸ் தேட, 1888ல சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். 1889ல கப்பலேறி நியூயார்க். பட்டமும் இல்ல, பணமும் இல்ல. ஒரு மோட்டார் கம்பெனில படம் வரையுற வேலைல சேர்ந்தார்.

1893 ஆகஸ்ட், சிகாகோ. உலகக் கண்காட்சியை ஒட்டி சர்வதேச மின்சார மாநாடு. (அடுத்த மாசம் அதே ஊர்லதான் நம்ம விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பி வெக்க முக்கிய உதவி பண்ணின பாஸ்கர சேதுபதி எங்க பக்கத்து சீமை, ராமநாதபுரம். சும்மா ஒரு பெருமை.) காயிலோட அளவுக்கு "ஹென்றி"ன்னு பேர் வெச்சதும் அந்த மாநாட்டுலதான். அங்க ஸ்டைன்மெட்ஸ் குடுத்த கட்டுரைதான் இன்னிக்கு வரைக்கும் நம்ம பசங்க பரிட்சைல எழுதுற முறை. கென்னலி கதவைத் திறந்தாருன்னா, இவரு வீட்டையே கட்டிட்டார். முக்கோணம் வேணாம், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வேணாம், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

ஜேன்னா என்னன்னு எனக்கு விளங்குனது காலேஜ்ல இல்ல, ஸ்கூல் என்.சி.சி.யை நெனச்சுப் பார்த்தப்ப. மைனஸ் ஒண்ணால பெருக்குறதுன்னா அப்படியே எதிர்ப்பக்கம் திரும்புறது, "பீச்சே முட்". எந்த ஒரு வேலையை ரெண்டு தடவை செஞ்சா எதிர்ப்பக்கம் திரும்பி நிப்போம்? "பாயே முட்", இடப்பக்கம் கால் சுற்று. அம்புட்டுத்தான் ஜே! மாயமும் இல்ல, கற்பனையும் இல்ல. சோக்கு கால் சுற்று முந்தி வருதுல்ல, அதை எழுதுற குறி. கரண்ட்டுக்கு ஏற்கனவே "ஐ"ங்கிற எழுத்தைக் குடுத்துட்டதால, கணக்குக்காரங்க எழுதுற "ஐ"யை விட்டுட்டு "ஜே" எடுத்துக்கிட்டார்.

நம்ம ட்யூப் லைட்டுக்குப் போட்டுப் பார்த்துடலாம். கரண்ட் 0.43 ஆம்பியர்னு வெச்சுக்கங்க. ட்யூப் 105-ஐ 0.43-ஆல வகுத்தா 244 ஓம். சோக்கு 205-ஐ 0.43-ஆல வகுத்தா 477 ஓம். மொத்த இம்பீடன்ஸ் 244 கூட்டல் ஜே 477. அளவு 535 ஓம் சொச்சம். 230-ஐ அதால வகுங்க, அதே 0.43 திரும்பி வரும். 230-ஐயும் 0.43-ஐயும் பெருக்கினா 99, ஆனா மீட்டர் ஓடுறது ட்யூப் தின்னுற 45 வாட்டுக்கு மட்டும்தான். 45-ஐ 99-ஆல வகுத்தா 0.45. அதான் பவர் ஃபாக்டர். பரிட்சைல 8 மார்க்!

இன்னொரு தமாஷ். நான் மைனஸ் ஜே போட்டு அரியர் வாங்கினேன்ல? ஸ்டைன்மெட்ஸும் ஆரம்பத்துல காயிலுக்கு மைனஸ் ஜேதான் போட்டுக்கிட்டிருந்தார்! படத்தை எந்தப் பக்கம் சுத்துறதுங்கிறது அவரவர் இஷ்டமா இருந்த காலம். 1911ல இத்தாலி டூரின் மாநாட்டுலதான் இந்தப் பக்கம்தான் சுத்தணும்னு முடிவு பண்ணி, ப்ளஸ் நிலைச்சது. அவருக்கு அதுல உடன்பாடு இல்ல, ஆனாலும் தன் புத்தகத்தை மாத்திக்கிட்டார். நான் 1911க்கு முன்னாடி பரிட்சை எழுதியிருந்தா பாஸ், ஹி ஹி.

இந்தக் கணக்கெல்லாம் அமெரிக்காவோட நிக்கல. ஸ்டைன்மெட்ஸ் 1893லேர்ந்து வேலை பார்த்தது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனில. அதே கம்பெனியோட மெஷின்கள்தான் 1902ல மைசூர் சமஸ்தானத்துல சிவசமுத்திரம் வந்து சேர்ந்துச்சு. காவிரித் தண்ணில கரண்ட் எடுத்து, 147 கிலோமீட்டர் தள்ளி கோலார் தங்கவயலுக்கு ஏ.சி.யா அனுப்பினாங்க. மூணே வருஷத்துல, 1905ல, பெங்களூருக்கும் கரண்ட். அந்த பெங்களூர்ல உக்காந்துதான் நான் இப்ப பொட்டி தட்டிக்கிட்டிருக்கேன். போன வருஷம் சிவசமுத்திரம் போயிருந்தேன். கூட வந்தவங்க அருவிய போட்டோ எடுத்தாங்க, நான் பென்ஸ்டாக் குழாய எடுத்துக்கிட்டிருந்தேன். கூட வந்தவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க.

அன்னிக்கு அங்க ஓடினது 50 ஹெர்ட்ஸ் இல்ல, 25. நம்ம சோக்கை அந்த லைன்ல மாட்டினா என்ன ஆகும்? மாற்றம் பாதி வேகம், அதனால 477 ஓம் பாதியாகி 238. மொத்தம் 341. கரண்ட் 0.43லேர்ந்து 0.67. சோக்கு கருகிடும். ஒரு எண்ணை மாத்தி மூணு வரி எழுதினா போதும், எதையும் எரிச்சுப் பார்க்க வேணாம்.

சென்னை மாகாணத்துல 1932ல பைகாரா, 1937ல மேட்டூர்னு வந்து, எங்க ஊரு மாதிரி கிராமத்துக்கெல்லாம் கம்பி வந்து சேர பின்னாடி ரொம்ப காலம் ஆச்சு. அந்தக் கதை தனி, இன்னொரு நாள்.

இப்ப 2018க்கு வர்றேன். நவம்பர் 16 விடிகாலை, கஜா. டெல்டாவையும் எங்க மாவட்டத்தையும் பிரட்டிப் போட்ட புயல். விடிஞ்சு பார்த்தா எங்க தோப்புல தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கு. ரோட்டோரம் கரண்ட் கம்பம் ஒண்ணுகூட நேரா இல்ல. எங்க பக்கம் எல்லாம் ஆழ்துளைக் கிணறு, கரண்ட் இல்லைன்னா குடிக்கத் தண்ணி கிடையாது. வாரக்கணக்குல கரண்ட் வரல.

எங்க தெருவுல ஒரு வீட்டுல மட்டும் பழைய கிணறு, அதுல 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ரேடியோ செட் அண்ணன்தான் அப்ப ஊருக்கே சாமி, ஏன்னா ஜெனரேட்டர் அவர்கிட்டதான் இருந்துச்சு. பெருசு ஒண்ணு 15 கே.வி.ஏ. டீசல், சின்னது ஒண்ணு 2.5 கே.வி.ஏ. பெட்ரோல். டீசலுக்குத் தட்டுப்பாடு. "தம்பி, சின்னது தாங்குமா? கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னார். கடைசி வருஷ ட்ரிபிள் ஈ மாணவன், அதுக்குள்ள அரியரை க்ளியர் பண்ணின மிதப்பு வேற. 746 வாட், எஃபிஷியன்ஸி 60 சதவீதம், பவர் ஃபாக்டர் 0.7, ஆக 1.8 கே.வி.ஏ. கரண்ட் 7.7 ஆம்பியர். "தாராளமா தாங்கும்ண்ணே."

சின்னதைக் கொண்டாந்து மாட்டினோம். குடத்தோட ஒரு அம்பது பேரு வரிசைல நிக்கிறாங்க. சுவிட்ச்சைப் போட்டதும் ஜெனரேட்டர் ஒரு மொனகல் மொனகி அப்படியே படுத்துடுச்சு. மறுபடி இழுத்து ஸ்டார்ட் பண்ணினோம், மறுபடி படுத்துச்சு. மூணாவது தடவை புகை.

அண்ணன் என்னைத் திட்டல. "ஏத்துறப்ப இழுக்கும் தம்பி. ஓடுறப்ப என்ன குடிக்குதுன்னு மட்டும் பாத்தா எப்படி?"ன்னு சொல்லிட்டு, பெருசை டிராக்டர்ல ஏத்தப் போயிட்டார். அது வந்து சேர சாயந்தரம் ஆச்சு. அதுவரைக்கும் அந்த வரிசை கலையல. வரிசைல எங்க அம்மாவும் நின்னாங்க.

கணக்கு தப்பில்ல. ஓடிக்கிட்டிருக்குற மோட்டாருக்குக் கணக்குப் போட்டேன், அங்க இருந்தது நிக்குற மோட்டார். நிக்குறப்ப அதோட இம்பீடன்ஸ் ரொம்பக் கம்மி, கரண்ட் அஞ்சு மடங்கு இழுக்கும். 38 ஆம்பியர், கிட்டத்தட்ட 9 கே.வி.ஏ. அந்த எண்ணைப் போட்டிருந்தா அதே ஒரு வரி ஃபார்முலா சரியான விடையைச் சொல்லியிருக்கும். கேள்வில குடுத்த எண்ணை வெச்சே அஞ்சு செமஸ்டர் பழகினவனுக்கு, எந்த எண்ணைப் போடணும்னு யாரும் கேள்வித்தாள்ல அச்சடிச்சுத் தர மாட்டாங்கன்னு தோணவே இல்ல.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனோட கொட்டகைல இப்ப எல்லாம் எல்.ஈ.டி. பழைய சோக்கெல்லாம் மூட்டையா மூலைல கிடந்துச்சு, செம்புக்காக எடைக்குப் போடப் போறாராம். ஒரு சீரியல் செட் அட்டையைத் திருப்பிப் போட்டு, அந்த முக்கோணத்தை வரைஞ்சேன். கிழக்கால 105, வடக்கால 205, குறுக்க 230. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார்.

"அப்ப ரெண்டும் ஒரே ஷிஃப்டுல வேலைக்கு வரலைன்னு சொல்லு."

"அதேதாண்ணே!"

"சோக்கு கரண்ட்டைத் திங்கவும் இல்ல, வாங்கி வாங்கித் திருப்பிக் குடுக்குது."

"ஆமாண்ணே."

மூட்டைலேர்ந்து ஒரு சோக்கை எடுத்து உள்ளங்கைல வெச்சு எடை பார்த்தார். "திங்கலைன்னா, அப்பறம் ஏன் சுட்டுச்சு? ராத்திரி பூரா எரிஞ்சா கை வெக்க முடியாதே."

பாதி பதில் சுலபம், செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ். மீதிப் பாதி அந்த இரும்புத் தகடுல இருக்கு. நூறு தடவை காந்தமாகி நூறு தடவை திரும்புது ஒரு செகண்டுக்கு, அதுல எவ்வளவு சூடா வீணாகும்? அதை அளந்து விதி எழுதினதும் அதே கூன் விழுந்த மனுஷன்தான், சிகாகோவுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1892ல. அட்டையோட மறுபக்கம் காலியா இருந்துச்சு. பேனாவை எடுத்தேன், அதுக்குள்ள யாரோ கல்யாணத்துக்கு மைக் செட் கேட்டு வந்துட்டாங்க.